எஞ்சின் சந்தேகமுள்ள பழைய வேகப்படகு: வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள், வரிசைப்படி

இந்த வழிகாட்டி ஒரு குறிப்பிட்ட வகைப் படகுக்கானது: 24 முதல் 30 அடி நீளம், பின்பகுதியில் ஒன்றோ இரண்டோ வி8 (எட்டு சிலிண்டர்) பெட்ரோல் எஞ்சின், பின்பலகைக்கு வெளியே புரொப்பெல்லரைச் சுழற்றும் அவுட்டிரைவ். அமெரிக்க, கனடியப் பேரேரிகளிலும், மிசூரியின் ஓசார்க்ஸ் ஏரியிலும், ஃப்ளோரிடா கடலோரத்திலும் கைமாறும் பழைய வேகப்படகுகளில் இந்த வகை ஏராளம். மெர்க்குரூசரின் 454, 502, 496 மேக்னம் எஞ்சின்களை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். வால்வோ பென்டா எஞ்சின் உள்ள படகுக்கும் சோதனை வரிசை இதுதான்.

விளம்பரத்தில் "எஞ்சின் ஓடுகிறது, சின்ன வேலை ஒன்று பாக்கி" என்று இருக்கும். விலையும் ஆசை காட்டும். புதியவர்கள் உடனே கேட்பது "எஞ்சின் ஓடுமா?" என்பதைத்தான். அந்தக் கேள்வியால் பயனில்லை. சிலிண்டருக்குள் தண்ணீர் கசியும் எஞ்சின்கூடப் பத்து நிமிடம் அழகாக ஓடிக் காட்டும். அது ஏன் கெட்டது, கெடுத்த காரணம் இன்னும் உள்ளே இருக்கிறதா என்பதே தெரிய வேண்டும்.

வரிசைக்கும் காரணம் உண்டு. செலவில்லாத சோதனைகள் முதலில், பணமும் பிறர் நேரமும் கேட்பவை பிறகு, தண்ணீரில் ஓட்டிப் பார்ப்பது கடைசியில். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் நாளே ஓட்டிப் பார்க்கிறார்கள், படகின் மேல் ஆசை வந்துவிடுகிறது, அதற்குப் பிறகு தெரியவரும் ஒவ்வொரு குறைக்கும் விற்பவருக்குப் பதிலாகத் தாங்களே சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள்.

1. கையில் இருக்க வேண்டியவை

சிலிண்டர் அழுத்தம் அளக்கும் கம்ப்ரஷன் மானி, ஸ்பார்க் பிளக் சாவி, ஸ்பார்க் பிளக் துளை வழியே நுழையும் எண்டோஸ்கோப் கேமரா, தூரத்திலிருந்து வெப்பம் அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி, பிளாஸ்டிக் தலை கொண்ட சிறு சுத்தியல், நல்ல டார்ச், ஆயில் உறிஞ்ச ஒரு சிறு பம்பும் சுத்தமான பாட்டில்களும், வெள்ளைத் துணி, காந்தம். கேமராவைத் தவிர்க்காதீர்கள். இன்று அது மலிவு. சிலிண்டர் சுவரில் துரு இருப்பதை வேறு எதுவும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

சிலிண்டரின் கசிவை அளக்கும் லீக்-டவுன் சோதனைக்கு அழுத்தக் காற்று தேவை. அந்த வேலையை ஒரு படகு மெக்கானிக்கிடம் விடலாம். கார் மெக்கானிக் நண்பர் போதுமே என்று நினைப்பவர்கள் உண்டு. எஞ்சின் உள்ளுறுப்புகள் அவருக்குத் தெரியும். ஆனால் படகில் எஞ்சினைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர், அது வரும் வழிகள் அவருக்குப் பழக்கமில்லை.

2. போனில் கேட்க வேண்டியவை

நேரில் போவதற்கு முன் ஐந்து கேள்விகள் போதும். எஞ்சின் கடைசியாகத் தண்ணீரில் எப்போது ஓடியது? குளிர்காலத்துக்கு முன் தண்ணீரை வடித்தது யார், ரசீது உண்டா? படகு உப்புநீரில் இருந்ததா? புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் அதன் மேல் நிற்கும் ரைசரும் எப்போது மாற்றப்பட்டன? எஞ்சின் திறக்கப்பட்டிருந்தால் யார் திறந்தார், எதற்காக?

கடைசிக் கேள்விக்கு "புதிதாகக் கட்டிய எஞ்சின்" என்று பெருமையாகப் பதில் வந்தால் பாகங்களின் ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லாத மறுகட்டுமானம் வெறும் பெயிண்ட் வேலையாகவும் இருக்கலாம்.

இரண்டு விஷயங்களைச் சொல்லியும் வையுங்கள். நீங்கள் வரும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்ற அனுமதி வேண்டும். இரண்டாவதற்கு மறுப்பு வந்தால் பெட்ரோல் செலவை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள்.

3. எஞ்சின் செத்துவிட்டது என்று வைத்து விலை போடுங்கள்

நேரில் பார்ப்பதற்கு முன்பே இந்தக் கணக்கைத் தாளில் எழுதிவிட வேண்டும். படகைப் பார்த்த பிறகு போடும் கணக்கில் ஆசையும் ஒரு எண்ணாகச் சேர்ந்துவிடும்.

அதே மாடல், அதே ஆண்டு, நல்ல எஞ்சினோடு என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். அதிலிருந்து மறுசீரமைத்த எஞ்சின், புதிய மேனிஃபோல்டு, ரைசர், கேஸ்கெட்டுகள், எஞ்சினை இறக்கி ஏற்றும் கூலி எல்லாவற்றையும் கழியுங்கள். அந்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்கை எதிர்பாராதவற்றுக்காக மீண்டும் கழியுங்கள். கற்பனை எண்களில் சொன்னால், நல்ல படகு 40,000 டாலர், எஞ்சின் வேலை 18,000, எதிர்பாராதது 3,600 எனில் உங்கள் உச்ச விலை 18,400. சோதனைகளில் எஞ்சின் தேறினால் இந்த எண் மேலே போகலாம். சோதிக்க விடாத வரை மேலே போகக் கூடாது.

பழைய எஞ்சினின் பிளாக், அதாவது சிலிண்டர்கள் அமைந்த வார்ப்பிரும்பு உடல், உடையாமல் இருந்தால் மறுசீரமைக்கும் நிறுவனங்கள் அதை எடுத்துக்கொண்டு விலையில் கழிவு தரும். வெடித்த பிளாக்குக்கு அது கிடைக்காது. பிளாக்கைப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரட்டை எஞ்சின் படகில் ஒன்றுதான் சந்தேகம் என்றாலும் கணக்கு இரண்டுக்கும்தான். இரண்டும் ஒரே கையில், ஒரே பராமரிப்பில் இருந்தவை.

4. ஆவணங்கள்

பின்பலகையின் வலப்பக்க மேல்மூலையில் 12 எழுத்துகளும் எண்களும் கொண்ட அடையாள எண் பதிந்திருக்கும். முதல் மூன்று எழுத்துகள் தயாரிப்பாளரைக் குறிக்கும். கடைசி நான்கு, தயாரித்த மாதமும் ஆண்டும் மாடல் ஆண்டும். ஜி899 என்று முடிந்தால் 1998 ஜூலையில் தயாரித்த 1999 மாடல். பதிவுப் பத்திரத்தில் உள்ள எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பாருங்கள். எஞ்சினின் வரிசை எண்ணையும் படமெடுங்கள். படகின் ஆண்டும் எஞ்சினின் ஆண்டும் பொருந்தாவிட்டால் நடுவில் ஒரு கதை இருக்கிறது, அதைச் சொல்லச் சொல்லுங்கள்.

கடன் பாக்கி இருக்கிறதா என்று தேடுவது உங்கள் பொறுப்பு. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் முறை வேறு. கடலோரக் காவல்படையிடம் பதிவான படகு என்றால் அதன் உரிமை வரலாற்றை அங்கேயே பெறலாம். கனடாவின் ஒண்டாரியோவில், அடமானக் கடன்களைப் பதியும் பிபிஎஸ்ஏ பதிவேட்டில் தேடலாம். டிரெய்லருக்குத் தனிப் பத்திரம் உண்டு, அதையும் கேளுங்கள்.

5. எஞ்சினுக்கு முன் படகின் உடல்

எஞ்சினை மாற்றலாம். உளுத்த பின்பலகையை மாற்றுவது அதைவிடப் பெரிய வேலை. அந்த வேலைக்கு எஞ்சினையும் இறக்கித்தான் ஆக வேண்டும். அதனால்தான் இந்தப் படி இங்கே வருகிறது. இதில் தேறாத படகுக்கு எஞ்சின் சோதனை வீண்.

பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பதுபோலச் சுத்தியலால் பின்பலகை முழுவதையும் தட்டுங்கள். கெட்டியான மரம் கணீரென்று ஒலிக்கும், நீர் ஊறிய இடம் மந்தமாக ஒலிக்கும். அவுட்டிரைவ் பொருந்தும் வட்டத்தைச் சுற்றியும், திருகுகள் துளைத்துள்ள இடங்களிலும் கவனம் வையுங்கள். பிறகு அவுட்டிரைவின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். இன்னொருவர் உள்ளே நின்று பின்பலகையைப் பார்க்கட்டும். பலகை அசைந்தால் அத்தோடு விடைபெறலாம்.

எஞ்சின் உட்கார்ந்திருக்கும் நீளக் கட்டைகளில் அதன் தாங்கித் திருகுகளை இறுக்கிப் பாருங்கள். பிடிப்பில்லாமல் சுற்றினால் கட்டை உளுத்துவிட்டது. அடிப்பகுதியில் அலை அறையும் இடங்களையும் தட்டுங்கள். அதிவேகத்தில் அடிபட்ட ஃபைபர் அடுக்குகள் பிரிந்து நிற்கலாம். மேல்பூச்சில் சிலந்திவலை போன்ற விரிசல் எங்கும் இருக்கும். அது பெரிதில்லை. ஒரு மூலையிலிருந்து நேராக ஓடும் நீண்ட விரிசல்தான் பெரிது.

6. குளிர்ந்த எஞ்சினை நிறுத்தி வைத்துப் பார்ப்பது

மூடியைத் திறந்ததும் மேனிஃபோல்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன் ஓட்டியிருக்கிறார்கள். குளிரில் கிளம்பச் சிரமப்படும் எஞ்சின், முதல் புகை, முதல் தட்டல் ஓசை எல்லாம் மறைந்துவிட்டன. வேறொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.

ஆயில் அளவுகோலை எடுங்கள். ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் சிறிது வெண்படலம் இருந்தால் அது குளிரில் கோத்த ஈரமாகவும் இருக்கலாம். அளவு உச்சக் கோட்டைத் தாண்டியிருந்தால் தண்ணீரோ பெட்ரோலோ சேர்ந்திருக்கிறது, முகர்ந்தால் பெட்ரோல் தெரியும். இரவு முழுக்க ஓடாத எஞ்சினில் தண்ணீர் அடியில் தங்கிவிடும். எனவே பம்பின் குழாயை அளவுகோல் துளை வழியே தொட்டியின் அடிவரை விட்டு முதல் சில மில்லிலிட்டரை உறிஞ்சிப் பாருங்கள். அளவுகோலைத் துடைத்துப் பார்ப்பதோடு நிறுத்துபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

அடுத்தது பிளாக். வடக்கு மாநிலங்களிலும் கனடாவிலும் இதுவே முதல் சந்தேகம். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும், வார்ப்பிரும்பு அதற்கு இடம் கொடுக்காது. பிளாக்கின் பக்கவாட்டில் ஆயில் தொட்டிக்கு மேலே கிடைமட்டமாக ஓடும் மெல்லிய கோட்டை டார்ச்சால் தேடுங்கள். துரு வடிந்த தடம் வழிகாட்டும். சில விரிசல்கள் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், வால்வு லிஃப்டர்கள் இருக்கும் பள்ளத்தில் விழும். வெளியிலிருந்து தெரியாது, ஆயிலில் தண்ணீராக மட்டும் தெரியும்.

"நான் வடிகால் திருகுகளைக் கழற்றினேனே" என்று விற்பவர் உண்மையாகவே சொல்லலாம். பிளாக்கின் அடியில் சேர்ந்த மணலும் துருவும் அந்தத் துளையை அடைத்துக்கொள்ளும். திருகைக் கழற்றினாலும் தண்ணீர் வராது. கம்பியால் குத்திவிட்டால்தான் வரும். வடித்துவிட்டதாக நம்பி நிறுத்திய எஞ்சினும் இப்படி வெடிப்பதுண்டு. பிளாக்கில் உள்ள வட்டத் தகட்டு மூடிகள் வெளியே தள்ளி விரிசலைத் தடுத்துவிடும் என்பதும் நிச்சயமில்லை.

பளபளக்கும் புதுப் பெயிண்ட் எஞ்சினின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் அங்கேயே நில்லுங்கள். எபாக்ஸி பூசி மறைத்த விரிசலாக இருக்கலாம்.

ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், பெட்ரோல் பம்ப் ஆகியவை படகுக்கென்று தயாரானவையா என்றும் பாருங்கள். அவை தீப்பொறி வெளியே வராதபடி மூடப்பட்டவை. பெட்ரோல் ஆவி தேங்கும் எஞ்சின் அறையில் காருக்கான பாகத்தை மாட்டுவது வெடிவிபத்துக்கு வழி. அப்படி ஒன்று கண்ணில் பட்டால், பார்வைக்குத் தெரியாத வேலையை அவர் எப்படிச் செய்திருப்பார் என்பதும் தெரிந்துவிடும்.

7. ஸ்பார்க் பிளக்குகள், கேமரா, கையால் ஒரு சுற்று

எஞ்சினைக் கிளப்பும் முன் எட்டு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, சிலிண்டர் எண் வரிசையில் துணி மேல் அடுக்குங்கள். வெகுநாள் நின்ற எஞ்சினில் இது கட்டாயம். ஒரு சிலிண்டரில் தண்ணீர் தேங்கியிருந்து நீங்கள் சாவியைத் திருப்பினால், அமுங்காத தண்ணீருக்கு எதிராகப் பிஸ்டன் போய் இணைப்புத் தண்டு வளையும். அதுவரை பிழைக்கக்கூடியதாக இருந்த எஞ்சினைக் கொன்றது நீங்களாகிவிடுவீர்கள்.

எண் வரிசையில் ஒரு குழப்பம் உண்டு. இந்த மெர்க்குரூசர் எஞ்சின்களுக்கு அடிப்படையான செவ்ரோலே வி8 எஞ்சினில் 1, 3, 5, 7 ஒரு பக்கம், 2, 4, 6, 8 மறுபக்கம். படகில் எஞ்சின் முன்னோக்கி இருப்பதால் ஒற்றைப்படை எண்கள் படகின் இடப்பக்கம். ஆகவே 3-இன் பக்கத்து வீடு 5, நான்கு அல்ல. சிலிண்டர்களின் மேல்பக்கத்தை அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கும்போது இது முக்கியம்.

எட்டும் ஒரே வெளிர்பழுப்பு நிறத்தில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் நீராவியில் கழுவியதுபோல வெளுத்திருந்தால் அந்தச் சிலிண்டருக்குத் தண்ணீர் போகிறது. துரு இருந்தால் சந்தேகமே வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. பீங்கானில் மிளகுத்தூள் போலவோ மினுங்கும் அலுமினியத் துகளாகவோ புள்ளிகள் இருந்தால் எரிபொருள் தவறான நேரத்தில் வெடித்துப் பிஸ்டனைத் தின்றிருக்கிறது. சூப்பர்சார்ஜர் பொருத்திய எஞ்சின்களில் இதை விசேஷமாகத் தேடுங்கள். எட்டும் புத்தம் புதிதாக இருந்தால் பழையவற்றைக் கேளுங்கள். பெரும்பாலும் தூக்கி எறிந்திருப்பார்கள், ஆனாலும் கேளுங்கள்.

துளைகளில் கேமராவை விட்டுச் சுவரையும் பிஸ்டன் தலையையும் வால்வுகளையும் பாருங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் பிஸ்டன் தலை சுத்தமாக மின்னுவது நல்ல அறிகுறி அல்ல, தண்ணீர் கழுவியிருக்கிறது. பிறகு முன்பக்கத்து நட்டில் சாவி போட்டு எஞ்சினை அது சுழலும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். எங்காவது இடித்தால் நிறுத்திவிடுங்கள்.

8. கம்ப்ரஷன் சோதனை

ஓடும் எஞ்சின் என்றால், கரையிலேயே குளிர்விக்கத் தண்ணீர்க் குழாய் மாட்டி, ஓட்டிச் சூடாக்கிய பிறகு இதைச் செய்யுங்கள். சூட்டில்தான் ரிங்குகள் தம் இடத்தில் அமரும். கிளப்புவதற்கு முன் எஞ்சின் அறை விசிறியை நான்கு நிமிடம் ஓடவிடுங்கள். ஓடாத எஞ்சின் என்றால் குளிரிலேயே அளக்கலாம். எண்கள் சற்றுக் குறையும், சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம் மட்டும் பேசும்.

முறை இதுதான். எட்டு பிளக்குகளும் வெளியே. இக்னிஷனையும், இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் எரிபொருளையும் துண்டித்திருக்க வேண்டும். த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில், ஐந்தாறு அமுக்கங்கள். த்ராட்டிலை மூடிவைத்து அளந்துவிட்டு எஞ்சின் போய்விட்டது என்று பதறியவர்களைப் பார்த்திருக்கிறேன். காற்று உள்ளே வராமல் அழுத்தம் எப்படி வரும்?

கூட்டாமல் குறைக்காமல் எழுதுங்கள். சூப்பர்சார்ஜர் இல்லாத நல்ல எஞ்சினில் 150 பிஎஸ்ஐயை (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்) ஒட்டிய எண்கள் சாதாரணம். எண்ணின் உயரத்தைவிட எட்டும் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதே முக்கியம். மிகக் குறைந்தது மிக உயர்ந்ததில் 70 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது பணிக்கையேடுகள் தரும் வரம்பு. மணிக்கணக்கில் முழுவேகத்தில் ஓடப்போகும் படகுக்கு அந்தத் தாராளம் எனக்கு ஒப்புதல் இல்லை. 10 சதவீத வித்தியாசத்தைத் தாண்டினால் காரணம் தேடுவேன்.

குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளங்கள். எண் ஏறினால் குறை ரிங்கில். ஏறாவிட்டால் வால்விலோ கேஸ்கெட்டிலோ. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கிறது. அது ஒப்பீட்டளவில் நல்ல செய்தி, ஏனென்றால் விலைக்குள் அடங்கும் வேலை.

9. லீக்-டவுன் சோதனை

கம்ப்ரஷன் எண்கள் நன்றாக இருந்தாலும் இதைக் கேளுங்கள். பிஸ்டனை மேல்நிலையில் நிறுத்தி, சிலிண்டருக்குள் 100 பிஎஸ்ஐ காற்றைச் செலுத்தி, எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பது. 10 சதவீதத்துக்குள் நல்லது, 20 வரை பயன்பாட்டில் உள்ள எஞ்சினுக்குப் பொறுக்கலாம், 30-ஐத் தாண்டினால் எஞ்சினைத் திறக்க வேண்டிவரும்.

சதவீதத்தைவிடக் காற்று போகும் இடம்தான் பதில் சொல்லும். எக்ஸாஸ்டில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. த்ராட்டிலில் சீறினால் இன்டேக் வால்வு. ஆயில் ஊற்றும் துளையில் என்றால் ரிங்கு. பக்கத்துப் பிளக் துளையில் வந்தால் கேஸ்கெட். காரில் போலத் தனிக் குளிர்திரவம் சுழலும் மூடிய குளிர்விப்பு உள்ள எஞ்சினில் குளிர்திரவத் தொட்டியில் குமிழி வந்தால் கேஸ்கெட்டோ விரிசலோ.

10. மேனிஃபோல்டும் ரைசரும்

படகில் எக்ஸாஸ்டைக் குளிர்விப்பது ஏரித் தண்ணீரோ கடல் தண்ணீரோதான். தண்ணீர்ப் பாதைக்கும் புகைப் பாதைக்கும் நடுவே இருப்பது ஒரு வார்ப்பிரும்புச் சுவர். அது துருப்பிடித்து ஓட்டையானால் தண்ணீர் எக்ஸாஸ்ட் வால்வு வழியே சிலிண்டருக்குள் இறங்கும். உப்புநீரில் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் இவற்றை மாற்றிவிட வேண்டும். நன்னீரில் வெகுகாலம் வரும். ஃப்ளோரிடாவிலிருந்து வடக்கே வந்த படகை நன்னீர்ப் படகு என்று விற்பதும் நடக்கிறது. பதிவு வரலாறு அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஒரு ரைசரையாவது கழற்றிக் கேஸ்கெட் முகத்தைப் பாருங்கள். தண்ணீர்த் துளையிலிருந்து புகைத் துளைக்குத் துருத்தடம் ஓடியிருந்தால் எஞ்சினைக் கெடுத்த காரணம் கையில் கிடைத்துவிட்டது. இதைச் சரிசெய்யாமல் புது எஞ்சின் மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். "போன வருடம்தான் எஞ்சின் மாற்றினேன், இப்போது மறுபடி ஏதோ சத்தம்" என்று யாராவது சொன்னால் முதலில் இங்கே பாருங்கள்.

வேகத்துக்காக, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டை மாற்றிய எஞ்சினில் ஓட்டையே இல்லாமலும் தண்ணீர் வரலாம். நீண்ட நேரம் வால்வைத் திறந்துவைக்கும் கேம், ஐடிலில், அதாவது எஞ்சின் மிக மெதுவாக ஓடும்போது, எக்ஸாஸ்டிலிருந்து தண்ணீரைப் பின்னோக்கி இழுக்கும். எக்ஸாஸ்ட் அமைப்பும் அதற்கேற்ப மாற்றப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

11. ஆயில் ஆய்வும் எஞ்சின் கணினியும்

ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவது மலிவு. செம்பு, ஈயம், வெள்ளீயம் கூடினால் பேரிங் தேய்கிறது. இரும்பு கூடினால் சிலிண்டரோ கேமோ. சோடியம் உப்புநீரையோ குளிர்திரவத்தையோ காட்டும். ஆனால் நேற்று மாற்றிய ஆயில் எதையும் சொல்லாது. அந்த நிலையில் ஆயில் ஃபில்டரைக் கழற்றி வெட்டித் தாளை விரித்துப் பாருங்கள். அதுவும் புதிதென்றால் அந்தத் தற்செயலையும் கணக்கில் சேருங்கள்.

இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களின் கணினியை டயகாம் போன்ற கருவி படிக்கும். பிழைக் குறியீடுகள் தெரியும், உண்மையான ஓட்ட நேரமும் தெரியும். பல மாடல்களில் எந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எவ்வளவு நேரம் ஓடியது என்பதும் பதிவாகியிருக்கும். டேஷ்போர்டில் உள்ள நேரமானியை யாரும் மாற்றலாம். கார்புரேட்டர் எஞ்சினில் இந்த வசதி இல்லை, நேரமானி காட்டுவதை வெறும் பேச்சாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

12. அவுட்டிரைவ்

கியர் ஆயிலின் வடிகால் திருகைக் கழற்றிச் சிறிது வடியுங்கள். பால்நிறம் என்றால் சீல் போயிருக்கிறது. திருகில் காந்தம் இருந்தால் அதில் மென்மையான கருஞ்சேறு ஒட்டியிருப்பது இயல்பு, செதில்கள் இயல்பல்ல. அவுட்டிரைவுக்கும் பின்பலகைக்கும் நடுவே உள்ள மடிப்புக் குழாயான ரப்பர் பெல்லோஸை மடிப்பு மடிப்பாக விரித்து விரிசல் பாருங்கள். அது கிழிந்தால் சுழல்தண்டைத் தாங்கும் ஜிம்பல் பேரிங்குக்குத் தண்ணீர் போகும், கடைசியில் படகுக்குள்ளேயே வரும். குழாய்த் தண்ணீரில் ஓடும்போது ஸ்டீயரிங்கை இரு பக்கமும் திருப்பி உறுமல் கேட்கிறதா பாருங்கள்.

எஞ்சினின் சக்தியைக் கூட்டியிருந்தால் அவுட்டிரைவும் அதற்கேற்றதா என்று கேட்பது அவசியம். மெர்க்குரூசரின் சாதாரண பிராவோ ஒன் அவுட்டிரைவில் 600 குதிரைசக்தியைப் போட்டவர்கள் கியர்களை வரிசையாக வாங்குகிறார்கள்.

13. தண்ணீரில் ஓட்டம்

இதுவரை தேறிய படகுக்கு மட்டும் இது. குழாய்த் தண்ணீரில் ஓட்டிக் காட்டுவதை இதற்கு மாற்றாக ஏற்காதீர்கள். சுமை இல்லாத எஞ்சின் சூடாவதையும் காட்டாது, சக்தி இல்லாததையும் காட்டாது. முன்பணம் கொடுப்பதானால், சர்வேயும் (நிபுணர் செய்யும் படகு ஆய்வு) ஓட்டமும் திருப்தி தராவிட்டால் முழுப் பணமும் திரும்ப வரும் என்று எழுதி வாங்கிய பிறகு கொடுங்கள். படகு சர்வேயரில் பலர் எஞ்சின் உள்ளே பார்ப்பதில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

மெதுவாகச் சூடாக்கி, பயண வேகத்தில் இருபது நிமிடமாவது ஓட்டுங்கள். கோளாறு பத்தாவது நிமிடத்துக்குப் பிறகுதான் தலைகாட்டும். எஞ்சின் வெப்பம் சுமார் 140 முதல் 160 டிகிரி ஃபாரன்ஹீட்டில் நிலையாக நிற்க வேண்டும். வேகம் கூடும்போது மட்டும் ஏறினால் தண்ணீர்ப் பாதையில் எங்கோ அடைப்பு. தண்ணீர் பம்பில் சுழலும் ரப்பர் இம்பெல்லர் உடைந்து, அதன் துண்டுகள் ஆயில் குளிர்விப்பானில் சிக்கிக்கிடப்பது அடிக்கடி காணும் காரணம். அகச்சிவப்பு வெப்பமானியால் இரு பக்க மேனிஃபோல்டுகளையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அடைப்பு அந்தப் பக்கம்.

ஆயில் அழுத்தத்தைச் சூடான பிறகு பாருங்கள். குளிரில் எல்லா எஞ்சினும் நல்ல எண்தான் காட்டும். ஒவ்வொரு 1,000 ஆர்பிஎம்முக்கும் சுமார் 10 பிஎஸ்ஐ என்பது பழைய கைக்கணக்கு. ஐடிலில் 10-க்குக் கீழே இறங்கினால் டேஷ்போர்டு மானியை நம்பாமல் தனி மானி மாட்டி உறுதிசெய்யுங்கள்.

பிறகு சிறிது நேரம் முழு த்ராட்டில். 415 குதிரைசக்தி கொண்ட 502 மேக்னம் எம்பிஐக்கும், 425 குதிரைசக்தி கொண்ட 496 ஹெச்ஓவுக்கும் தயாரிப்பாளர் சொல்லும் வரம்பு 4,600 முதல் 5,000 ஆர்பிஎம். அதை எட்டாவிட்டால் எஞ்சினுக்கு வலு இல்லை, அல்லது புரொப்பெல்லர் பிட்ச் (ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம், அங்குலத்தில்) அதிகம். பிட்ச் ஓர் அங்குலம் மாறினால் 150 முதல் 200 ஆர்பிஎம் மாறும். எனவே புரொப்பெல்லரில் பொறித்த எண்ணை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். சோர்ந்த எஞ்சினை மறைக்கச் சிறிய பிட்ச் மாட்டியிருக்கவும் கூடும்.

அதைப் பிடிக்க ஒரு கணக்கு: ஆர்பிஎம்மைப் பிட்ச்சால் பெருக்கி, கியர் விகிதத்தை 1,056-ஆல் பெருக்கி வந்த எண்ணால் வகுத்தால் மணிக்கு எத்தனை மைல் என்று கிடைக்கும். 4,800 ஆர்பிஎம், 26 அங்குலம், 1.5 விகிதம் எனில் சுமார் 79 மைல். வழுக்கலைக் கழித்தால் 70 மைலை ஒட்டி வர வேண்டும். போனின் ஜிபிஎஸ் காட்டும் வேகத்தோடு ஒப்பிடுங்கள், படகின் வேகமானியோடு வேண்டாம்.

கரைக்கு வந்ததும் எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து மீண்டும் கிளப்புங்கள். எஞ்சின் அறையின் அடியில் புதிதாகத் தண்ணீரோ ஆயிலோ இருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் அளவுகோலை மறுபடி எடுங்கள். காலையில் தெளிவாக இருந்த ஆயில் இப்போது வெளுத்திருந்தால் கசிவு சூட்டிலும் அழுத்தத்திலும் மட்டுமே திறப்பது. இந்தக் கடைசிப் பார்வையை மறந்துவிட்டுக் கைகுலுக்குபவர்கள்தான் அதிகம்.

14. பனிக்காலத்தில் வாங்குவது

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை வடக்கே படகுகள் பிளாஸ்டிக் உறைக்குள் நிற்கும். விலையும் குறையும். ஆனால் ஓட்டிப் பார்க்க முடியாது. "இலையுதிர் காலத்தில் நன்றாக ஓடியது" என்பதற்குச் சாட்சி இல்லை, பிளாக் வெடித்திருந்தால் தெரிவதும் வசந்தத்தில்தான்.

எட்டாவது படியும் ஒன்பதாவது படியும் அப்போதும் செய்யலாம். கேமராவும் நுழையும். எஞ்சின் அறையைச் சூடாக்கித் தண்ணீர்ப் பாதையில் காற்றழுத்தம் கொடுத்து விரிசலைத் தேட மெக்கானிக்கால் முடியும். ஓட்டம் மட்டும் பாக்கி. அதற்கு விலையில் ஒரு பகுதியை மூன்றாம் நபரிடம் வைத்து, முதல் ஓட்டத்தில் குறிப்பிட்ட ஆர்பிஎம், வெப்பம், ஆயில் அழுத்தம் வந்தால் விடுவிப்பது என்று எழுதிக்கொள்ளுங்கள். "நன்றாக ஓடினால்" என்று எழுதாதீர்கள், எண்களை எழுதுங்கள். விற்பவர் இதற்கு உடன்படாவிட்டால் மூன்றாவது படியில் எழுதிய விலை இருக்கிறது.

அந்த விலைக்கே வாங்கினால், எஞ்சினைத் திறந்து பார்க்கும் வரை கிளப்பிப் பார்க்க வேண்டாம். செத்ததாகக் கணக்கிட்டு வாங்கிய எஞ்சினில் பிளாக்காவது முழுதாக மிஞ்சினால் மறுசீரமைப்பாளரிடம் கழிவு கிடைக்கும். ஆர்வத்தில் ஒருமுறை சாவியைத் திருப்பினால் அதையும் இழக்கலாம்.